பூக்கல் சூரனுக்கு இடமில்லை

உலகத்தில் யாரையும் விட்டுவிடத் தெரியாத மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் காரைக்குடியில், எங்கள் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குக் கீழே பேனர் கடை வைத்திருக்கிறார். பெயரை யாரும் கேட்டதில்லை. ஊருக்கே அவர் ஃப்ளெக்ஸ் அண்ணன்.

கல்யாணமோ காதுகுத்தோ, பேனரில் சொந்தக்காரர் ஒருவரின் படம் விட்டுப்போனால் அவர் விசேஷத்துக்கு வரமாட்டார். அப்புறம் ஜென்மத்துக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. அந்தப் பயத்தில் பழகிய கை. ஒரு காதுகுத்துப் பேனரில் பெரியப்பா, சித்தப்பா, பங்காளிகள் எல்லோரையும் ஏற்றி முடித்தபோது, காது குத்திக்கொள்ளும் குழந்தைக்கு இடமில்லை. கடைசியில் அதைத் தாய்மாமனின் சட்டைப்பை மேல் ஒட்டிவிட்டார். பார்த்தவர்கள் கட்சி பேட்ஜ் என்று நினைத்தார்கள்.

இப்பேர்ப்பட்டவர் போன வருஷம் சித்திரக்கதைப் புத்தகம் போடக் கிளம்பினார். நாயகன் பூக்கல் சூரன். ஆத்தங்குடியில் செய்கிற பூப்போட்ட தரைக்கல்தான் அவனுக்குக் கேடயம். பள்ளிக்கூட நாளிலிருந்து மனசில் வைத்திருந்தவனாம்.

"ஒரு பக்கத்துலயாச்சும் அவன் தனியா, முழுசா நிக்கணும்ணே. அம்புட்டுதான் என் ஆசை."

சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. பேனர் மையின் நெடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் வில்லனுக்கு எதிர்க்கடை டீ மாஸ்டரின் மீசையை அனுமதி கேட்டு வரைந்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் கறிக்கடைக்காரர் வந்து நின்றார்.

"டீக்கடைக்காரரு மட்டும் வில்லனு. நாங்கல்லாம் ஒங்களுக்கு ஆகாதவுகளா?"

அவரைச் சேர்த்தார். டெய்லர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கூப்பிட்டுச் சேர்த்தார். வீட்டுக்குப் போனால் மனைவி தட்டு வைக்கவில்லை.

"கறிக்கடைக்காரரு வில்லன், எங்கண்ணன் வெறும் அடியாளா? நல்லாத்தான் மருவாதி பண்றீக."

மச்சான் தலைமை வில்லன் ஆனார். செய்தி தெரிந்து ஃப்ளெக்ஸ் அண்ணனின் சொந்தத் தாய்மாமன் பஸ் ஏறி வந்துவிட்டார். தலைமை வில்லன்கள் இருவர் ஆனார்கள். இப்படியே போய், அட்டையில் வரிசை வரிசையாக வில்லன்கள் நிற்க, பூக்கல் சூரன் பேனரில் 'அன்புடன் அழைக்கும்' என்று போடுகிற மூலைக்குப் போய்விட்டான், பாஸ்போர்ட் சைஸில்.

சண்டையாவது போடவிட்டார்களா? கறிக்கடைக்காரர் ரகசியமாக வந்தார்.

"புதுச் சம்பந்தம் வந்திருக்கு. என்னைய அடி வாங்குற மாதிரி போட்றாதீக. பேசித் தீத்துக்கிற மாதிரி போடுங்க."

எல்லாருக்குமே ஏதாவது ஒரு சம்பந்தம் இருந்தது. ஆகவே பூக்கல் சூரன் பக்கத்துக்குப் பக்கம் வில்லன்களைக் கும்பிட்டுக்கொண்டே போனான். சாப்பிட்டீர்களா என்று விசாரித்தான். அவனைவிட எங்கள் ஆபீஸ் பியூன் முரட்டு ஆள்.

உச்சக்கட்டத்தில் உலகத்தை அழிக்கும் குண்டு. அதன் பொத்தானை யார் முதலில் அமுக்குவது? குத்துவிளக்கு ஏற்றுவதைப் போல, "பெரியவுக நீங்க அமுக்குங்க", "ச்சே, நீங்க இருக்கும்போதா?" என்று ஆளாளுக்கு உபசாரம் செய்ததில் நேரம் தாண்டிப்போய் குண்டு நமுத்துவிட்டது. உலகம் பிழைத்தது. நாயகனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

வரைந்து காட்டியதைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அந்த ஆளின் முகத்தைப் பார்த்துப் பாவமாகிவிட்டது.

"கடைசிப் பக்கத்தையாவது காப்பாத்துங்க. சூரன் மட்டும்தான். வேற ஒருத்தரும் வரக்கூடாது. நானே கேட்டாலும் என்னைப் போடாதீங்க" என்று கண்டித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அச்சாகி வந்த முதல் பிரதியோடு மாடியேறி வந்தார். நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பூக்கல் சூரன், முழுப்பக்கத்துக்கு, கல்லை ஏந்தி நின்றான். அவனுக்குப் பின்னால், மாடிப்படியில், டிபன் கேரியரும் தொப்பையுமாக ஒரு கண்ணாடிக்காரன்.

"ஒருத்தரும் வேணாம்னுதானே சொன்னேன்?"

"சொன்னீகதான்." தலையைச் சொறிந்தார். "தனியா நிறுத்திப் பாத்தேண்ணே. பாக்கப் பாவமா இருந்துச்சு. கூட யாரு நின்னா அவனுக்குத் தைரியமா இருக்கும்னு யோசிச்சேன். ஒங்க மூஞ்சிதான் வந்துச்சு."

விலையைக்கூடக் கேட்காமல் பணத்தை எடுத்து நீட்டினேன். பாலிசி பிடிக்கிற எனக்கு அது புதுசு.

வில்லன்கள் அவரவர் பக்கத்தைக் கிழித்துக் கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நானும் வீட்டில் மாட்டியிருக்கிறேன். மூக்கு என்னுடையதே இல்லை, தொப்பை அநியாயத்துக்கு அதிகம். ஆனாலும் பார்க்கும்போதெல்லாம், இந்த மனுஷன் நம்மையும் விட்டுவிடவில்லையே என்று நெஞ்சு நிறைந்துபோகிறது.