பத்து மாதக் கணக்கும் முப்பது நாள் லீவும்

பேட்டை,
திருநெல்வேலி.

அன்பு மருமகன் ரசீத் அவர்களுக்கு மாமா அலி அஸ்கர் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே என் மகள் இஷ்ரத்தும் பிள்ளையும் சுகம். தம்மாமில் நீங்களும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். வீடியோ காலில் பிறந்த மகளைப் பார்த்து நீங்கள் கண்ணைத் துடைத்த பிறகு போனில் பேச எனக்கு முகமில்லை. அதனால் வெள்ளிக்கிழமை தம்மாமுக்குப் புறப்படும் சிராஜுதீன் கையில் இந்தக் கடிதம். முறுக்கு டப்பாவும் தந்திருக்கிறேன், எண்ணி வாங்கவும்.

லீவை எப்போது போடட்டும் என்று கேட்டீர்கள். "தேதிக்கு முன்னாலயே வந்திருங்க மாப்ள, எங்க வீட்டுப் பிள்ளைய எல்லாம் அவசரக்காரங்க. இஷ்ரத்தே பத்து நாள் முந்திப் பொறந்தவதான்" என்று சொன்ன பாவி நான். நீங்களும் இருபத்தைந்து நாள் முன்பே வந்துவிட்டீர்கள். மறுநாளே நான், பிள்ளை பிறந்த பிறகு அறுக்க வேண்டிய அகீகா ஆட்டை வாங்கிக் கட்ட, அது ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தின்ன, வேறு ரிப்போர்ட் வாங்கப் போன இடத்தில் இஷ்ரத் இடுப்பைப் பிடித்தாள் என்று நான் கூச்சல் போட, இரண்டாம் தடவையும் அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓட, டாக்டர் சித்ரலேகா, "வலி வந்த பொறவு வாங்க பாய். வலி ஒங்களுக்கு இல்ல, ஒங்க மகளுக்கு" என்றார். தேதி வந்தது, போனது, உங்கள் லீவும் முடிந்தது. பிள்ளையோடு எடுக்க வேண்டிய போட்டோவை ஆட்டோடு எடுத்துக்கொண்டு விமானம் ஏறினீர்கள். மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது.

பிறகுதான் டாக்டர் உங்கள் மாமியிடம் விசாரித்தார். மூன்று பிரசவமும் தேதி தாண்டித்தானாம், அவள் உம்மாவுக்கும் அப்படியேதானாம். இது தாய்வழியில் வரக்கூடியது, ஒருமுறை தள்ளினால் மறுமுறையும் தள்ள வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். நானோ பத்து மாதம் என்றால் முழுப் பத்து மாதம் என்று நினைத்து, ஒன்பது மாதம் இருபது நாளில் பிறந்த இஷ்ரத்தை அவசரக்காரி ஆக்கிவிட்டேன். டாக்டர் கணக்கு ஒன்பது மாதமும் ஏழு நாளுமாம். "மூணு பிரசவத்துக்கும் ஜித்தாவுல இருந்திய, ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டாள் மாமி. உண்மைதான். என் மூன்று பிள்ளைகள் பிறந்ததையும் நான் பார்க்கவில்லை. உங்களுக்காவது கிடைத்திருக்க வேண்டியதை என் வாயால் கெடுத்தேன். மன்னித்துவிடுங்கள். நாளை உங்கள் மகள் உண்டானால் அவள் மாப்பிள்ளையிடம் நான் வாயே திறக்க மாட்டேன்.

அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக. அடுத்த லீவை நீங்களே முடிவு செய்யவும்.

இப்படிக்கு,
வருந்தும் மாமா,
அலி அஸ்கர்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் இஷ்ரத்திடம் வாசித்துக் காட்டினேன். சிரிக்கிறாள். தாய்வழிச் சங்கதியை அவள் முதல் மாதமே உங்களிடம் சொல்லிவிட்டாளாமே! "தெரிஞ்சுதான் வந்தாவ வாப்பா. 'பொறந்த பொறவு எல்லாரும் பிள்ளையப் பாப்பாங்க, பாரத்தோட நடக்கும்போது ஒன்ன யாரு பாப்பாங்க'ன்னு கேட்டாவ" என்கிறாள். நான் மூன்று தடவையும் பிறந்த பிறகு பிள்ளையைப் பார்க்கத்தான் லீவு போட்டேன், மருமகனே. வாசலில் நின்று கேட்ட உங்கள் மாமி அடுக்களைக்குப் போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் தம்மாம் இல்லை. நான் அடுக்களைக்குப் போகிறேன்.