காணாமல் போன முப்பத்தொரு பட்டைகள்

கூச்ச சுபாவம் உள்ளவன் பொய் சொல்லமாட்டான் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. எங்களைப்போலப் பொய் சொல்கிறவர்கள் கிடையாது. நாலு பேர் பார்க்க நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்டால், எது சின்ன பதிலோ அதைச் சொல்லிவிட்டு உட்காரத்தான் பார்ப்போம். அது உண்மையா பொய்யா என்று யோசிக்க நேரம் ஏது? அப்படி விழுப்புரத்தில் ஒருநாள் நான் சொன்ன ஒரே ஒரு வார்த்தை, இன்றைக்கும் என் சட்டைப்பைக்குள் மணியடித்துக்கொண்டிருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் ரோட்டில், உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அங்கே பால் சொசைட்டியில் நான் டெஸ்டர். (பெயரைக் கேட்டுப் பயப்படவேண்டாம்.) காலையில் உறுப்பினர்கள் கொண்டுவரும் பாலில் லேக்டோமீட்டர் என்கிற கண்ணாடிக் குச்சியை மிதக்கவிட்டு, அது காட்டும் எண்ணை நோட்டில் எழுதவேண்டும். இருபத்தெட்டோ அதற்கு மேலோ வந்தால் நல்ல பால். குறைந்தால் தண்ணீர் கலந்த பால். இதற்கு நான் படித்த அஞ்சாம் வகுப்பு தாராளம். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை என்பதால்தான் இந்த வேலையில் சேர்ந்தேன்.

எங்கள் ஊருக்கு ஒரு குறை உண்டு. பால் வண்டி காலையில் ஒருமுறைதான் வரும். சாயங்காலப் பால் விடியும்வரை தாங்காது. அதனால் முப்பத்திரண்டு வீட்டிலும் அதைத் தயிராக்கிவிடுவார்கள். ஒரு வீட்டுத் தயிரை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்க முடியாது, அங்கேயும் தயிர்தான். எங்கள் தெரு நாய்கள் தயிர்சோறைப் பார்த்தால் எழுந்து வேறு பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். பாலைக் குளிரவைக்கும் கூலர் மிஷின் ஒன்று வந்தால் போதும், ஊரே பிழைத்துவிடும்.

அந்த மிஷினுக்காகத்தான் விழுப்புரத்தில் கூட்டம் வைத்தார்கள். ஒவ்வொரு சொசைட்டியும் அன்று காலைப் பால் எப்படி இருந்தது என்று கம்ப்யூட்டரில் படமாகப் போட்டுக் காட்டவேண்டும். நல்ல பால் உள்ள ஊருக்கு மிஷின். போகவேண்டியவர் எங்கள் செயலாளர் ராஜேந்திரன். கூட்டத்துக்கு ஒருவாரம் முன்பு அவருக்கு அம்மை போட்டுவிட்டது.

ஜன்னல் வழியாக, வேப்பிலைக்கு நடுவிலிருந்து பேசினார்.

"நீதான் போவணும் அந்தோணி."

"எனக்குப் பேச வராதுங்க."

"யாரு பேசச் சொன்னா? படத்தைக் காட்டு, வெள்ளைன்னா இது, கறுப்புன்னா அதுன்னு ஒரு வார்த்தை சொல்லு, வந்துடு. கூட சேகரை அனுப்புறேன்."

சேகர் பால் வண்டி ஓட்டுகிறவன். என்னோடு அவனை அனுப்பியது உதவிக்கு அல்ல, நான் பாதி வழியில் இறங்கி ஓடிவிடாமல் இருப்பதற்கு.

படம் போடுவதற்கு என் மகள் ஜெனி இருந்தாள். திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிறாள், சொந்தமாக ஒரு லேப்டாப் வைத்திருக்கிறாள். அதன் திரையில் கட்டம் கட்டமாக இருந்த தாளில் முப்பத்திரண்டு பேரின் பெயரையும் வரிசையாக அடித்தாள். எதிரே எண்ணைப் போட்டால் பக்கத்தில் அந்த உயரத்துக்கு ஒரு பட்டை எழும்பியது.

"அப்பா, நல்ல பால் ஒரு கலரு, தண்ணிப் பால் ஒரு கலரு. நீ எண்ணை மட்டும் போடு. கலரு தானா விழும்."

"அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"மேல இந்தக் கட்டத்துல இருபத்தெட்டு இருக்குதா? இதான் எல்லை. ஒவ்வொரு எண்ணையும் இதோட ஒப்பிட்டுப் பார்க்கும். எல்லையத் தொட்டாலோ தாண்டினாலோ இந்த வரிசைக்குத் தள்ளும், கொறஞ்சா அந்த வரிசைக்குத் தள்ளும். வரிசைக்கு ஒரு கலரு குடுத்துட்டோம்னா முடிஞ்சிது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நல்ல பாலை இந்தக் கேனில் ஊற்று, கெட்ட பாலை அந்தக் கேனில் ஊற்று. நான் தினமும் செய்வதுதான். கம்ப்யூட்டரும் என்னைப்போல ஒரு டெஸ்டர் என்று தெரிந்ததும் அதன்மேல் ஒரு மரியாதை வந்தது.

"நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் செவப்பு. சரியாப்பா?" என்றாள்.

அங்கேதான் எனக்குள் இருந்த இருபது வருஷ அனுபவம் விழித்துக்கொண்டது. (தூங்கியிருக்கலாம்.)

"பால்ல ஏதும்மா பச்சை? பச்சையா பால் வந்தா யாருன்னா குடிப்பாங்களா? செவப்பா வந்தா மாட்டுக்கு மடிநோய். டாக்டரைக் கூப்புடணும். நல்ல பால் வெள்ளையா இருக்கும். தண்ணி ஊத்துன பால் நீலம் பாரிச்சிகினு இருக்கும். வெள்ளையும் நீலமும் போடு."

"வெள்ளையாப்பா?"

"போட்டுப் பாரேன்."

போட்டாள். ஜெனி கண் வலிக்கிறது என்று லேப்டாப்பில் எல்லாமே கறுப்பாகத் தெரியும்படி வைத்திருப்பாள். அந்தக் கறுப்பின் மேல் வெள்ளைப் பட்டைகள் அப்போதுதான் கறந்த பால்போல வரிசையாக நின்றன. எனக்குப் புல்லரித்துவிட்டது. "அப்பா, ஆனா அங்க போயி..." என்று அவள் ஏதோ ஆரம்பித்தாள். அதற்குள் அவள் அம்மா, என் மனைவி பிலோமினா, "மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?" என்று சத்தம் போட்டாள். ஜெனி எழுந்து போய்விட்டாள். அந்த மாடு அன்றைக்கு ஐந்து நிமிஷம் தாகமாக இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்திருக்காது.

கூட்டத்தன்று காலை. எங்கள் வீட்டுப் பால் பிலோமினா பெயரில் ஊற்றுவது. எப்போதும் அவள்தான் கொண்டுவருவாள். அன்று நான் புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பெருமையில், "நானே எடுத்துகினு போறேன்" என்றேன். கொல்லையில் சாணத்தில் வழுக்கினேன். சட்டையைக் காப்பாற்றிவிட்டேன், பாலைக் காப்பாற்ற முடியவில்லை. ஒரு சொம்பு அளவுக்குப் போய்விட்டது. பிலோமினா அளந்து வைத்த பால். குறைந்தது தெரிந்தால் சட்டையைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவாள். பக்கத்தில் தண்ணீர்க்குடம் இருந்தது. ஒரு சொம்புதான் ஊற்றினேன்.

சொசைட்டியில் குச்சியை விட்டேன். இருபத்துமூன்று. குச்சி என்னைப் பார்த்தது, நான் குச்சியைப் பார்த்தேன். மாற்றி எழுதியிருப்பேன், சத்தியமாக எழுதியிருப்பேன். ஆனால் வரிசையில் பின்னால் நின்ற ஐந்தாறு பேர் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்துமூன்று என்று எழுதி, அந்தப் பாலை ஓரமாக வைத்தேன்.

பஸ் பிடிக்கப் போகிற வழியில் ஜெனி லேப்டாப்போடு வந்தாள். ஒற்றை விரலால் முப்பத்திரண்டு எண்களையும் அடித்தேன். கம்ப்யூட்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் வீடு என்றும் பார்க்கவில்லை. பிலோமினாவின் பட்டையை நீலமாக்கிவிட்டது. முப்பத்தொரு வெள்ளைக்கு நடுவே ஒரு நீலம், யார் கண்ணில் படப்போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஜெனி பஸ் ஹாரன் கேட்ட பதற்றத்தில் அதைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டு ஓடினாள். நான் அதை ஜெபமாலையோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

விழுப்புரத்தில் பெரிய ஹால். ஏறக்குறைய ஐம்பது சொசைட்டிக்காரர்கள். நடுவில் அதிகாரி மேடம். எங்கள் ஊர் பெயரைக் கூப்பிட்டதும் சேகர் என்னை முதுகில் கைவைத்துத் தள்ளினான். திரையைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டே, பஸ்ஸில் வழி நெடுகச் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"வணக்கங்க. வெள்ளை நல்ல பாலு. நீலம் தண்ணி கலந்த பாலு. நன்றிங்க."

உட்காரப் போனேன்.

"இருங்க," என்றார் மேடம். "உங்க சொசைட்டில ஒரே ஒரு மெம்பர்தானா?"

திரும்பிப் பார்த்தேன். அவர்கள் கம்ப்யூட்டரில் பின்னால் கறுப்பு இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெள்ளை. அந்த வெள்ளையில் என்னுடைய முப்பத்தொரு வெள்ளைப் பட்டைகளும், அவற்றின் கீழே அதே கலரில் இருந்த பெயர்களும் கரைந்து போயிருந்தன. நடுவில் தன்னந்தனியாக, என் உயரத்துக்கு ஒரு நீலப் பட்டை. அதன் கீழே நீல எழுத்தில் பெயர்: பிலோமினா.

"யாருங்க இந்த பிலோமினா?"

எது சின்ன பதிலோ அது வந்தது.

"தெரியலைங்க."

"டெஸ்டர்தானே நீங்க? தண்ணி ஊத்துற மெம்பர் யாருன்னு தெரியாதா?"

"தெரியலைங்க."

பின்வரிசையில் சேகர் வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தான். முதல்நாள்தான் பிலோமினா கையால் கருவாட்டுக்குழம்பு சாப்பிட்டவன்.

"மத்தவங்கல்லாம் எங்க?" என்றார் மேடம்.

மற்ற முப்பத்தொரு பேரையும் எப்படியாவது கண்ணுக்குத் தெரியவைக்கவேண்டும். எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். மேலே உள்ள கட்டத்தில் எல்லையை மாற்றினால் கலர் தானாக மாறும். நேராகப் போய் இருபத்தெட்டை அழித்துவிட்டு நாற்பது என்று அடித்தேன்.

தெரிந்தார்கள். முப்பத்திரண்டு பேரும் ஒரே நொடியில் திரையில் எழுந்து நின்றார்கள். எல்லோரும் நீலம்.

நீலம் என்றால் என்ன என்பதை ஒரு நிமிஷம் முன்புதான் மைக்கில் சொல்லியிருந்தேன்.

முன்வரிசையில் இருந்த வேறு ஊர் செயலாளர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, உங்க ஊர்ல மாடு கட்டிகினு இருக்கிறீங்களா, போர் போட்டிருக்கிறீங்களா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. "கூலரு எதுக்கு, மோட்டார் குடுங்க மேடம்," என்று இன்னொரு குரல். கூலர் மிஷின் என் கண்ணெதிரே லாரி ஏறி வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு வீட்டுத் தயிரும் என் தலையில் கொட்டப்போகிறது.

சேகருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான்.

"மேடம், இவரு சொல்றதை நம்பாதீங்க. எங்க ஊரு பாலு நல்ல பாலு. அந்த பிலோமினா வேற யாரும் இல்ல, இவரு சம்சாரம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி ஒரு "தெரியலைங்க" தொண்டைவரை வந்தது. ஆனால் அதைவிடச் சின்ன பதில் ஒன்று முந்திக்கொண்டது.

"நான்தாங்க."

"என்ன நான்தாங்க?"

"தண்ணி ஊத்துனது. அவங்க இல்ல. காலைல கொட்டிப்புட்டேங்க. ஒரு சொம்பு."

"நீங்களே ஊத்தி, நீங்களே டெஸ்ட் பண்ணி, நீங்களே கொறைச்சல்னு எழுதிகினு வந்தீங்களா?"

"ஆமாங்க." (பின்னால் ஆட்கள் எட்டிப் பார்த்ததை நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.)

மேடம் எல்லையை மறுபடி இருபத்தெட்டு ஆக்கச் சொன்னார். வெள்ளையைப் பச்சையாக்கச் சொன்னார். முப்பத்தொரு பச்சைப் பட்டைகள் முளைத்தன, ஒரு நீலம். அவர் சிரிக்காமல் எதையோ எழுதிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து மிஷின் வந்து இறங்கியது. என்னாலா, என்னையும் மீறியா என்று ஊரில் இன்னும் முடிவாகவில்லை.

அன்று வீட்டுக்குப் போனேன். சேகரின் போன் எனக்கு முன்னாலேயே போயிருந்தது. பிலோமினா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"யாருங்க நீங்க? யாரு வேணும்?"

"பிலோ, நான்தான்."

"தெரியலைங்களே."

"தண்ணி ஊத்துனது நான்தான்னு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டேன்."

"அது எனக்குக் காலைலயே தெரியும். கொடத்துல ஒரு சொம்பு கொறைச்சல். கொல்லைல ஈ மொய்ச்சிகினு இருந்திச்சி. ரெண்டையும் கூட்டிப் பாக்க எனக்குக் கம்ப்யூட்டர் வேணுமா? தண்ணியை விடு. இருவத்தி நாலு வருசம் சோறு ஆக்கிப் போட்டவளை யாருன்னு தெரியலையா உனக்கு?"

இதற்கு என்னிடம் சின்ன பதில் இல்லை. சேகர்தான் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டான். தயிர்சோறு.

பிறகு ஜெனி சமாதானம் செய்துவைத்தாள். ஆனால் அப்பாவுக்கு மறக்கக்கூடாது என்று என் போனை வாங்கி அம்மாவின் பெயரை மாற்றிவிட்டாள். எப்படித் திருப்பி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால் சொல்லித்தர மறுக்கிறார்கள். இப்போதும் பால் ஊற்றும் நேரத்தில் போன் அடித்தால், வரிசையில் நிற்கிறவர்கள் என் தோளுக்குமேல் எட்டிப் பார்ப்பார்கள். திரையில் பெரிய எழுத்தில், நீலக் கலரில், "தெரியலைங்க" என்று வரும்.

"யாரு அந்தோணி போன்ல?" என்று வேண்டுமென்றே கேட்பார்கள்.

"என் சம்சாரம் பிலோமினா," என்று கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனை எடுக்கிறேன்.