எனக்கு முன்னே இங்கே வந்தவன் எவன்?

‘முன்னாலேயே வந்தவர்’ என்று ஓர் இனம் உண்டு. கனடாவின் வடகோடியில், 1896-இல் யூக்கான் ஆற்றங்கரையில் தங்கம் கிடைத்த பிறகு, இந்த இனம் கொசுவைவிட வேகமாகப் பெருகிவிட்டது. அடையாளம் காண்பது சுலபம். ‘குளிர் கொஞ்சம் அதிகம்’ என்று நீங்கள் வாயைத் திறந்தால் போதும். ‘இதெல்லாம் ஒரு குளிரா?’ என்று ஆரம்பித்து, தாம் வந்தபோது ஊர் இல்லை, கடை இல்லை, அடுப்பு இல்லை, ஏறக்குறைய ஆறே இல்லை என்கிற வரைக்கும் போய்த்தான் மூச்சு விடுவார். ரொட்டிக்கான புளித்த மாவு உறைந்துவிடக் கூடாதென்று பையில் கட்டி நெஞ்சோடு தொங்கவிட்டிருப்பார். சரி, ஜூலை மாதக் கோடையிலும் எதற்கு?

எல்பிரிட்ஜ் டான்சி இந்த இனத்தின் மணிமகுடம். அவர் வந்த ஆண்டு குளிர்காலத்துக்குக் குளிர்காலம் பின்னால் நகர்ந்துகொண்டே போகும்.

ஒரு வருஷம் பழைய ஆட்கள் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல். முதலில் வந்தவரே தலைவர், அடுப்போர நாற்காலியும் அவருக்கே. டான்சிக்கு அந்த நாற்காலிமேல் உயிர். போட்டிக்கு நின்றவர் நார்வேக்காரர் ஹால்வார்ட் மோ.

“நான் தொண்ணூத்தாறுல வந்தவன்” என்றார் மோ.

“போய்யா! அப்போ நான் இங்க ரெண்டு குளிர்காலம் பார்த்தாச்சு.”

“அட, மறந்துட்டேன். தொண்ணூறுலயே ஒரு தடவை வந்துட்டுப் போனேன்.”

“எண்பத்தஞ்சு!” டான்சி மேசையைக் குத்தினார். “அந்தக் குளிர்காலம் முழுக்க இங்க என்னைத் தவிர ஒரு ஈ காக்கா கிடையாது!”

கையுறை விற்க வந்து வாசலோரம் நின்றிருந்த செலினா நிமிர்ந்தாள். ஹான் என்கிற பூர்வகுடிப் பெண். அவளுடைய ஆட்கள் எப்போதிலிருந்து இந்த ஆற்றில் மீன் பிடிக்கிறார்கள் என்று சங்கத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

“எண்பத்தஞ்சா? நல்லா ஞாபகம் இருக்கா பெரியவரே?”

“சத்தியமா!”

“ரொம்பச் சந்தோஷம். அந்தக் குளிர்காலத்துலதான் எங்க பரண்ல இருந்த காய்ஞ்ச மீனை எவனோ மொத்தமா வழிச்சிட்டுப் போனான். எங்களவங்க அடுத்தவங்க பரணைத் தொடமாட்டாங்க. வெளியாள்னு தெரியும், எந்த வெளியாள்னுதான் தெரியல. இப்ப நீங்களே சொல்லிட்டீங்க. எங்க அண்ணன் வெளியிலதான் நிக்கிறாரு, கூப்பிடட்டுமா?”

இந்தச் சீமையில் கொலைகாரனுக்குக்கூட ஏதாவது நியாயம் சொல்லித் தப்பலாம். குளிர்காலச் சாப்பாட்டைச் சேர்த்துவைக்கும் பரணில் கைவைத்த திருடனுக்குக் கம்பளிகூடக் கொடுக்காமல் உறைந்த ஆற்றில் விரட்டிவிடுவார்கள்.

“எண்பத்தஞ்சா? யார் சொன்னது?” டான்சிக்கு வியர்த்துக் கொட்டியது. “நான் தொண்ணூத்தெட்டும்மா! கும்பலோட கும்பலா, கடைசிக் கப்பல்ல! வழியெல்லாம் வாந்தி!”

செலினா மெல்ல மோ பக்கம் திரும்பினாள். “நீங்க தொண்ணூறுல…?”

“நானும் அதே கப்பல்தான்” என்றார் மோ அவசரமாக.

அப்படி ஒரு திருட்டு நடந்ததா என்று எனக்குத் தெரியாது. சங்கத்தில் முன்னால் வந்தவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை. காலியாகக் கிடந்த நாற்காலியில் செலினா உட்கார்ந்து காலை நீட்டிக் குளிர்காய்ந்தாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ‘நாங்க இங்க வீடு கட்டி வந்தப்போ சுத்தி ஒரே ஏரிதான்’ என்று போன வாரம் புதுக் குடித்தனக்காரரிடம் பெருமையடித்தது யார்? அந்த ஏரி எங்கே போயிற்று என்று ஒருத்தி வந்து கேட்டால், எந்த வருஷம் வந்ததாகச் சொல்வீர்கள்?