‘வேண்டாங்க’ நடத்தும் பொம்மைக் கடை

கோயமுத்தூர் மண்ணில் பிறந்தும் வியாபாரம் தெரியாமல் போன மனிதர் ஒரே ஒருவர்தான். அவரும் போயும் போயும் பொம்மைக் கடை வைத்தார்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லேத் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டியவன் நான். இன்றைக்குக் கணபதி ஏரியாவில் சொந்தமாக ஒரு பவுண்டரி, இரும்பை உருக்கி வார்க்கிற பட்டறை. என் மோட்டார் பம்பு இறங்காத கிணறு தாராபுரம் வரைக்கும் கிடையாது. எதிரில் ஒரு ஆள் வந்து நின்றால், அவருக்கு எதை விற்கலாம் என்று அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்ட என்னையே கேட்டதைத் தராமல் திருப்பி அனுப்பியவர் அந்த மனிதர்.

அவர் சொந்தப் பெயர் அவர் வீட்டம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம். சாய்பாபா காலனிப் பக்கம் எல்லோருக்கும் அவர் ‘வேண்டாங்க’தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு பம்பரம். கடைக்குள் நுழைந்து எதைக் கை நீட்டிக் காட்டினாலும், அதை எடுத்துத் தராமல், நம் முகத்தைப் பார்த்து, “அது வேண்டாங்க” என்பார். கோபமாகச் சொல்ல மாட்டார். சம்பந்தி வீட்டில் இரண்டாவது தடவை பாயசம் ஊற்ற வருகிறவரைத் தடுக்கிற மாதிரி அத்தனை மரியாதையாகச் சொல்வார்.

ஒரு டாக்டரம்மா பேசும் கரடி ஒன்று வாங்க வந்தார். வயிற்றை அமுக்கினால் இங்கிலீஷில் காலை வணக்கத்தில் தொடங்கி கிழமைகள் வரைக்கும் ஒப்பிக்கிற கரடி. வேண்டாங்க கரடியைத் திருப்பிப் போட்டு, முதுகைத் திறந்து, பேட்டரியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“ஏனுங்க, இதுவே எல்லாத்தையும் பேசிப்போட்டா உங்க பையன் எப்பங்க பேசறது?”

அந்தம்மா ஊமைக் கரடியோடு போனார். அடுத்த வாரம் திரும்பி வந்து சண்டை பிடித்தார். பையன் கரடிக்கும் சேர்த்துப் பேசுகிறானாம், கரடிக்குப் பசிக்கிறது என்கிறானாம், கரடிக்குத் தூக்கம் வரவில்லை என்று வீட்டில் ஒருவரையும் தூங்க விடுவதில்லையாம். வேண்டாங்க நிதானமாகக் கேட்டுவிட்டு, “பேட்டரி பையனுக்குள்ள ஏறிருச்சாட்ட இருக்குதுங்க” என்றார்.

அந்தக் கடையில் நாற்காலி கிடையாது. பெரியவர்களும் தரையில் உட்கார்ந்து, வாங்கப்போகிற சாமானை விளையாடிப் பார்க்க வேண்டும். கொட்டாவி விட்டால் முடிந்தது கதை. “உங்களுக்கே சலிச்சுப்போச்சு, புள்ளைக்குச் சலிக்காதுங்களா? வேண்டாங்க.” திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளி வந்து பொம்மை ரயிலுக்கு மரத் தண்டவாளம் கோக்க உட்கார்ந்தார். மத்தியானம் ஆகியும் எழுந்திருக்கவில்லை. முதலில் சந்தோஷத்தில் எழுந்திருக்கவில்லை, பிறகு முழங்காலால் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து பேக்கரியிலிருந்து டீ மாஸ்டரும் ஒரு தடிமனான வாடிக்கையாளரும் வந்து தூக்கி நிறுத்தினார்கள்.

அவர் சொல்வதெல்லாம் பலித்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டிக்காரர் வீட்டம்மா பேரனுக்கு எண் அட்டை கேட்டு வந்தபோது, “அட்டை வேண்டாங்க, அவரை, தட்டப்பயறு, பட்டாணி மூணையும் கலந்து குடுத்துப் பிரிக்கச் சொல்லுங்க, எண்ணிக்கை தானா வரும்” என்று அனுப்பிவைத்தார். பேரன் ஒரு பட்டாணியைத் தன் மூக்கிலேயே எண்ணிப் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரியில்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் அந்தத் தெரு வழியாகக்கூடப் போவதில்லை.

இந்த மனிதரிடம் நான் போய் மாட்டிக்கொண்டது என் பேத்தியால். என் மகன் புனேயில் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தான். பேத்திக்கு நாலு வயசு. புனேயில் மராத்தி, இந்தி, தமிழ் எல்லாம் கலந்து கடகடவென்று பேசுமாம். இங்கே வந்து இறங்கியதும் வாயைப் பூட்டிக்கொண்டது. அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்பாரு என்போம். “அப்பாருகிட்ட வா அம்மணி” என்று நான் அன்பாகக் கூப்பிட்டால் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். என் அன்பு கொஞ்சம் சத்தமானது. பவுண்டரியில் கற்றுக்கொண்ட அன்பு.

எல்.கே.ஜி.யில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். மேடம் கலர் கேட்டார், பேர் கேட்டார், மாம்பழப் படத்தைக் காட்டிக் கேட்டார். பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மாசம் கழித்துக் கூட்டி வாருங்கள், அப்போதும் இப்படியே இருந்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். மருமகள் காரில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. ஊரெல்லாம் என் பேத்தி கலெக்டர் ஆவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எல்.கே.ஜி.க்கே கதவு திறக்கவில்லை.

மறுநாளே வேண்டாங்க கடைக்குப் போனேன். ஒரே மாசத்தில் அறிவு வருகிற மாதிரி, இருப்பதிலேயே பெரிய பொம்மையாக ஒன்று எடுக்கச் சொன்னேன்.

“வேண்டாங்க.”

“நான் இன்னும் எதையும் காட்டவே இல்லைங்களே.”

“உங்க அவசரத்தைப் பார்த்தாலே தெரியுதுங்க. பாப்பா ஊட்டுல எதைத் தொடுது, எதைத் தூக்குதுன்னு சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. பம்பு எத்தனை ஆழத்தில் எத்தனை தண்ணீர் தூக்கும் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். தெரியாது என்று சொல்லியும் பழக்கமில்லை. அதனால், “எல்லாத்தையும் தூக்கும், நம்ம ரத்தமுங்க” என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு உருண்டை களிமண்ணைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

பேத்தி களிமண்ணில் யானையும் செய்யவில்லை, பூனையும் செய்யவில்லை. வீட்டில் இருக்கிற அத்தனை சாவித் துவாரங்களையும் அடைத்து வைத்தது. அன்றைக்கு நான் என் வீட்டுக்குள் பின்பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் போனேன்.

இனி அந்த மனிதரை நம்பிப் பயனில்லை, நாமே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். பொம்மை என்ன பெரிய ராக்கெட்டா? எழுத்து தெரிந்தால் அறிவு வரும். எழுத்து உடையாமல் இருந்தால் அறிவும் உடையாது. அ முதல் ஃ வரைக்கும் கெட்டி வார்ப்பிரும்பில் ஊற்றச் சொன்னேன்.

எங்கள் அச்சு ஆசாரி பம்பு உடம்புக்கு அச்சு செய்கிறவர். ‘ஈ’ வந்ததும் தலையைச் சொறிந்தார். அதன் இரண்டு புள்ளியும் அந்தரத்தில் நிற்கின்றனவாம். ‘ஃ’ வந்ததும் பென்சிலைக் காதில் செருகிவிட்டு எழுந்தே விட்டார். “முதலாளி, இது எழுத்து இல்லைங்க, மூணு நட்டு. எதைப் புடிச்சுட்டு நிக்கும்?” என்றார். இரண்டு எழுத்துக்கும் பின்னால் தகடு வைத்துப் புள்ளிகளைச் சேர்த்தோம். சொரசொரப்பு எல்லாம் கிரைண்டரில் போக்கி, பட்டறையில் இருந்த ஒரே பெயிண்டான பம்புப் பச்சையை அடித்தோம். உலகத்தில் எந்த மொழிக்கும் அப்படி ஒரு எழுத்து வாய்த்திருக்காது.

ஒவ்வொன்றாகக் காட்டி நான் எழுத்தின் பேரைச் சத்தமாகச் சொன்னேன். பேத்தி ‘அ’வை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தது. அது அசையவில்லை. பிள்ளை மேஜைக்கு அடியில் போய்விட்டது. என் வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டு, “புள்ள படிக்கோணும்னு செஞ்சீங்களா, ஊட்டுக்கு அஸ்திவாரம் போடச் செஞ்சீங்களா?” என்றாள்.

கலையை ரசிக்கத் தெரிந்தவர்களிடம்தான் காட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் காரில் ஏற்றி வேண்டாங்க கடைக்குக் கொண்டு போனேன். முதல் எழுத்தைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தேன். கண்ணாடி இரண்டாகப் போனது. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்தார்.

“வேண்டாங்க. கால்ல உழுந்தா வெரல் போயிருமுங்க. வாயில வெச்சா பெயிண்டும் போயிருமுங்க.”

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கையில் ஒன்று, மறுகையில் இன்னொன்று என்று தூக்கித் தூக்கிப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், நின்றார்கள், போனார்கள். அவர் நிமிரவில்லை.

“ஏனுங்க, ஒண்ணு லேசா இருக்குது, ஒண்ணு கனமா இருக்குதுங்களே?”

“எழுத்து வளைஞ்சு வளைஞ்சு போனா இரும்பு கூடத்தானுங்க புடிக்கும்? ‘ஔ’வுக்கு ஊத்துன இரும்புல ரெண்டு ‘உ’ ஊத்தலாம்” என்றேன்.

அப்போதுதான் அவர் சிரித்து நான் முதன்முதலில் பார்த்தேன். இதையே அலுமினியத்தில், உள்ளங்கை அளவில், பெயிண்ட் இல்லாமல், எல்லாம் ஒரே உயரத்தில் வார்த்துத் தரச் சொன்னார். கூட ஒரு தராசும் வேண்டும் என்றார். தராசு என்று சொன்னால் போதுமா எனக்கு? தண்டுக்கு நடுவில் பால் பேரிங் போட்டே செய்தேன். ஒரு பட்டாணி வைத்தாலும் சாயும். பம்புக்குப் போடுகிற பேரிங் போட்ட விளையாட்டுத் தராசு என் வீட்டைத் தவிர வேறு எங்கும் கிடையாது. இருந்தால் கொண்டு வந்து காட்டுங்கள்.

மேடம் சொன்ன மாசம் முடிகிற வாரம், வேண்டாங்க கடையைப் பூட்டிவிட்டு என் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாங்க என்றார். நாற்காலி வேண்டாங்க என்றார். நேராகப் போய்ச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில், என் பேத்திக்கு எதிரில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மருமகள் என்னைப் பார்த்து, “மாமா, ஆருங்க இது?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அவர் பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு தட்டில் ஒரு எழுத்தை வைத்தார். தராசு சாய்ந்தது. காத்திருந்தார். ரொம்ப நேரம் கழித்து ஒரு சின்னக் கை வந்து மறுதட்டில் ஒன்றை வைத்தது. எடுத்தது. வேறொன்றை வைத்தது. மேஜையைச் சுற்றி நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குத்தான் அதிக நேரம் சும்மா நிற்க வராதே.

“எந்த எழுத்தை வெச்சா என்ன? நம்ம பவுண்டரி வார்ப்பு, எல்லாம் ஒரே தரம், ஒரே கனம்” என்று, கடையில் நானே சொன்னதை மறந்து, பெருமையடித்துவிட்டேன்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“இல்ல அப்பாரு. ‘ஔ’ குண்டு.”

வேண்டாங்க ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த எழுத்தை எடுத்து நீட்டினார். கொஞ்ச நேரத்தில் மேஜைத் துணி விலகி ஒரு முகம் வெளியே வந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தது. “நீங்களும் குண்டு” என்றது. என் வாழ்க்கையில் நான் வாங்கின பட்டங்களில் அதுதான் பெரிசு.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. என் செல்போனுக்கு எத்தனை ‘இ’, அப்பத்தாவின் மூக்குக் கண்ணாடிக்கு எத்தனை ‘உ’, இட்லி சூடாக இருந்தால் கனமா ஆறினால் கனமா என்று வீட்டையே தராசில் ஏற்றியது. எழுத்தின் பேர் தெரியாமல் கணக்குச் சொல்ல முடியாதே, அதனால் பன்னிரண்டு உயிரும் ஃ-ம் தாமாக வந்து வாயில் ஏறிக்கொண்டன.

மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது அந்த மேடம் மாம்பழப் படத்தை எடுத்தார். என் பேத்தி படத்தைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை ஒரு கையிலும் ஸ்டேப்ளரை மறுகையிலும் தூக்கி, இதுதான் கனம் என்றது. பிறகு பேனா ஸ்டாண்டு, மணி, மேடத்தின் சாவிக்கொத்து. ஒவ்வொன்றுக்கும் விளக்கம் வேறு. கடைசியில் மேடமே, “போதும் பாப்பா, சேர்த்தாச்சு” என்றார். மருமகள் அன்றைக்கும் காரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைப் பார்த்து நானும் என் பக்கத்து ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டேன். புகை கண்ணில் பட்டிருக்கும்.

சால்வையும் பழத்தட்டும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். சால்வை வேண்டாங்க. பழம் வேண்டாங்க. அலுமினிய எழுத்தைப் பெட்டி பெட்டியாக வார்த்துத் தருகிறேன், இரண்டு பேருமாக விற்போம் என்றேன்.

“வேண்டாங்க. அது உங்க பாப்பாவுக்குச் சரிங்க. அடுத்த பாப்பா என்னத்தத் தூக்குதுன்னு நமக்குத் தெரியாதுங்களே.”

சொன்னேனே, வியாபாரம் தெரியாத மனிதர். நான் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“ஏனுங்க, அந்தப் பழைய இரும்புல ‘ஃ’ இருந்துச்சே, அது வேணுங்க. காத்துல கதவு சாத்திக்குது.”

இன்றைக்கும் அந்தக் கடைக் கதவைச் சாத்தவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பது என் ‘ஃ’தான். பம்புப் பச்சை இன்னும் உரியவில்லை. பேத்தி பள்ளிக்கூடம் போன பிறகு எனக்கு அந்தத் தெருவில் ஒரு சோலியும் கிடையாது. இருந்தாலும் வாரத்தில் ஒரு நாள் கார் அங்கே போய் நின்றுவிடுகிறது. தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் தண்டவாளம் கோக்கிறோம். திருப்பூர்க்காரருக்கு வந்த முழங்கால் எனக்கும் வந்துவிட்டது. எழுந்திருக்கும்போது பேக்கரியிலிருந்து ஆள் கூப்பிட வேண்டியதில்லை. வேண்டாங்க ஒரு கை நீட்டுகிறார். அந்தக் கையை மட்டும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.