ஏழு வயதைத் தொட்ட பூஞ்சை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான் சுகம், உன் அம்மா சுகம், எங்கள் இருவரையும்விட நடு அறைச் சுவரில் இருக்கும் பூஞ்சை படு சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும்.

போனில் நீ சொன்னதை மறக்கவில்லை. "குழந்தைக்கு மூச்சு இழுக்குதுப்பா, அந்தச் சுவர் சுத்தமானாத்தான் லீவுக்குக் கூட்டிட்டு வருவேன்" என்றாய். நியாயம்தான். அதற்காக நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைக்காதே. முதலில் வினிகர் தெளித்துத் துடைத்தேன். வீடே புளித்த வாடை அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டுப் போனார், பத்தே நாளில் பூஞ்சை திரும்பி வந்தது. பிறகு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அடித்தேன். சுவர் வெளுத்ததோ இல்லையோ, நீ வாங்கிக்கொடுத்த நீலச் சட்டை வெளுத்துப்போனது. மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, மூன்று நாள் சுவர் காற்று வாங்க, நாங்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அதற்கும் அது இன்னும் கொஞ்சம் பச்சையாக வந்ததுதான் மிச்சம். உன் அம்மாவோ, "குளிச்சிட்டு வந்து ஈரத் துண்டை அந்தச் சுவர் ஆணியிலதானே வருஷக்கணக்கா மாட்டுறீங்க, பூஞ்சை வராம வேற என்ன வரும்?" என்கிறாள். ஒரு துண்டில் எவ்வளவு ஈரம் இருந்துவிடப் போகிறது, நீயே சொல்.

கடைசியில் கொத்தனாரைக் கூட்டி வந்தேன். அவர் சுவரை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, "சார், பூச்சையே கொத்தி எடுத்துட்டுப் புதுசா பூசணும். சும்மா துடைச்சிட்டிருந்தா அது உங்களைப் பார்த்துச் சிரிக்கும்" என்று உளியை எடுத்தேவிட்டார். நான் குறுக்கே போய் நின்றுகொண்டேன். ஏனென்றால் அம்மாடி, அந்தச் சுவரில்தான் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் உன்னை நிறுத்தி, தலைமேல் ஸ்கேல் வைத்து, நான் பென்சில் கோடு போட்டிருக்கிறேன். இரண்டு வயதிலிருந்து பதினாறு வரை பதினைந்து கோடுகள். முப்பத்தோரு வருடம் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தவன் போட்ட கோடுகள், ஒரு நூல் பிசகாது. போன மழைக்கு உன் நாலு வயதில் இருந்த பூஞ்சை இப்போது ஏழு வயதைத் தொட்டுவிட்டது. உன்னைவிட வேகமாக வளர்கிறது. உனக்காவது ஓடி ஓடி ஊட்ட வேண்டியிருந்தது. "ஏழு வயசு வரைக்கும் கொத்திட்டு, எட்டுல இருந்து விட்டுட முடியுமா?" என்று கொத்தனாரிடம் கேட்டேன். அவர் உன் அம்மாவைப் பார்த்தார். உன் அம்மா கூரையைப் பார்த்தாள்.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். இந்த லீவுக்கு நீங்கள் வர வேண்டாம். பேத்தியைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்தான், ரொம்பவே கஷ்டம்தான். ஆனால் நீ வளர்ந்ததை எல்லாம் ஒரு உளிக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேத்தி நெஞ்சில் சளி கட்டாமல், நல்ல மூச்சோடு நூறு வயது வரை ஓடி விளையாடட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: உறை வாங்கப் போனவன் கடைக்காரரோடு பேச்சில் நின்றுவிட்டேன். திரும்பி வருவதற்குள் உன் அம்மா கொத்தனாரை வரவழைத்துச் சுவரை முழுக்கக் கொத்திவிட்டாள். கத்தினேன். உனக்குக் கவுன் தைக்க வருஷா வருஷம் அளவெடுத்த நோட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். "அவ உயரமெல்லாம் இதுல இருக்கு. கொத்தறதுக்கு முன்னாடி டேப் வச்சுப் பார்த்தேன், அஞ்சு வயசுல இருந்து உங்க கோடு எல்லாமே ரெண்டு விரல் கூடுதல். நிலத்தையும் இப்படித்தான் அளந்தீங்களா?" உண்மைதான். எதிர் வீட்டுப் பெண்ணைவிடக் குட்டையாக இருக்கிறேன் என்று அந்த ஐந்தாவது பிறந்தநாளில் நீ அழுதாய். ஒரு வருஷம் கூட்டிவிட்டு அடுத்த வருஷம் குறைக்க முடியுமா? துண்டு இப்போது வெளியே கொடியில் காய்கிறது. புதுப் பூச்சு லீவுக்குள் காய்ந்துவிடுமாம், அவசியம் வந்துவிடுங்கள். பேத்திக்கு முதல் கோடு போட வேண்டும். உன் அம்மா டேப்போடு பக்கத்திலேயே நிற்பாளாம். அன்றைக்கு அவள் மூக்குக் கண்ணாடியை நான் ஒளித்து வைத்துவிடுவேன்.