கர்ப்பிணிக்குக் காற்றடித்த மருத்துவிச்சி நானா

யுத்த காலத்து விதி தெளிவானது: மீன்பிடி வள்ளத்தில் பற்றரி ஏற்றுவதானால் எழுத்தில் முன் அனுமதி பெற வேண்டும், விண்ணப்பம் மூன்று பிரதிகளில். இந்த விதியை மருத்துவிச்சி நானாவைப் போல மதித்தவர் புத்தளம் மாவட்டத்திலேயே இல்லை. பற்றரியே இல்லாமல் காரியத்தை முடித்துவிட்டார்.

கற்பிட்டிப் பக்கம் இறால் குஞ்சு பொரிக்கும் நிலையத்தில் நான் நிர்வாக உத்தியோகத்தர். நெஞ்சுவரை தாடி வைத்த, எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் அவர் தொட்டிக் காவலாளி. சினை இறால் கிடக்கும் தொட்டியருகே யாரும் தும்மக்கூடாது. பார்வையிட வந்த பணிப்பாளரையே, "சப்பாத்தக் கழட்டுங்க சேர். உள்ளுக்குப் புள்ளத்தாச்சி ஈக்குது" என்று வெறுங்காலில் நிறுத்தினார். 'மருத்துவிச்சி' என்ற பட்டம் அப்படி வந்ததுதான்.

அந்த வருடம் தாய் இறாலுக்குப் பஞ்சம். தாய் இல்லாமல் முட்டை இல்லை, குஞ்சு இல்லை, தொட்டியெல்லாம் காலி. தலைமை அலுவலகம் குற்றவாளியைக் கண்டுபிடித்தது: பக்கத்துக் கண்டக்குழிக் கிராமத்தின் சிறு வள்ளங்கள். தாய் இறாலை அவர்கள் வலை போட்டு அள்ளிவிடுகிறார்களாம். நோன்புப் பெருநாள் கழிந்ததும் கரையோர வலைத்தொழிலுக்குத் தடை என்று கடிதம் வந்தது. பெருநாளுக்கு இரண்டே மாதம். ஆழத்துக்குப் போக அந்த வள்ளங்களில் எஞ்சின் இல்லை. தடை வந்தால் கண்டக்குழியில் அடுப்பு எரியாது.

கடிதத்தை நானாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அள்ளுறது உண்மதான் சேர். ஆனா கரைக்கு வரக்குள்ள எல்லாம் மவுத்தாகிப் போகுதே! உசிரோட கொண்டந்தா, நமக்குத் தாய் தாறதே அவனுகள்தானே?"

"உசிரோட கொண்டுவர வாளிக்குள்ள காத்து வேணும், நானா. காத்துக்கு மோட்டர், மோட்டருக்குப் பற்றரி, பற்றரிக்குப் பெர்மிட்."

"பெர்மிட் எப்ப வரும்?"

"மூணு மாசம்."

"இறால் அவ்வளவு நாள் மூச்சப் புடிச்சிட்டு ஈக்காது சேர்."

மறுநாள் விடிய, ஒரு வாளியும் ரப்பர் குழாய் மாட்டிய சைக்கிள் பம்புமாகக் கடற்கரைக்குப் போனார். காவலில் நின்ற சிங்களச் சிப்பாய் தனக்குத் தெரிந்த தமிழில் மறித்தார்.

"வள்ளத்துக்கு டயர் இருக்கா?"

"இல்ல மாத்தயா."

"அப்ப பம்ப் யாருக்கு?"

"கர்ப்பிணிக்கு."

சிப்பாய் தடைப் பட்டியலை இரண்டு தரம் பார்த்தார். சைக்கிள் பம்பு அதில் இல்லை. கர்ப்பிணியும் இல்லை.

நானா ஒரு வள்ளத்தில் கடலுக்குப் போய், வலையில் வந்த தாய் இறாலைப் போட்ட வாளிக்குள் வெயில் ஏறும்வரை காற்றடித்தார். நான்கு தாய் இறால்கள் மீசை ஆட்டிக்கொண்டு வந்திறங்கின. நானாவின் கை மட்டும் ஏழு நாளாக மேலே எழும்பவில்லை. பிறகு ஒவ்வொரு வள்ளத்திலும் ஒருவர் காற்றடித்தார். கற்பிட்டிக் கடைகளில் சைக்கிள் பம்பு தீர்ந்துபோயிற்று. வாங்குவதற்கு மதுரங்குளிவரை ஆள் போனது. ஊரில் பாதிப்பேர் காற்றுப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு வந்தார்கள். எங்கள் தொட்டிகள் நிரம்பின.

தடை வேண்டாம் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்; எந்த வள்ளம் எத்தனை தாய் தந்தது என்ற பட்டியல் இணைப்பு. நோன்பு தொடங்கியது. "வந்திச்சா சேர்?" என்று தினமும் நானா வாசலில் நிற்பார். பெருநாள் நெருங்க நெருங்க, கேட்கவும் பயந்து, என் மேசைத் தபாலை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

என் வழக்கப்படி, கடிதம் வந்தால் முதலில் முத்திரை, பிறகு பதிவேடு, பிறகு கோப்பு, அதற்குப் பிறகுதான் பேச்சு. அன்று, 'தடை கைவிடப்படுகிறது' என்ற வரியைக் கண்டதும் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினேன். தொட்டி கழுவிக்கொண்டிருந்த நானா என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு, ஈரக் கையால் என் இரண்டு கைகளையும் பிடித்தார். தாள் நனைந்து மை கரைந்தது; நான் கையை இழுக்கவில்லை. பதிவேட்டில் இல்லாவிட்டாலும் அந்தப் பதில் வந்த நாளை நான் மறக்கவில்லை: பெருநாள் பிறை பார்க்கும் நாள், நோன்பு இருபத்தொன்பது.