நாலு வால்வும் ஒரு சிவப்புப் பேனையும்

"கை போகாது. மீளக் கீறவும்."

சுதர்சன் கீறிய படத்தின் மூலையில் சிவப்புப் பேனையால் இப்படி எழுதி, கீழே சின்னக் கையெழுத்தும் திகதியும் வைத்திருந்தார் மாமனார் மகேந்திரராஜா. யாழ்ப்பாணக் கச்சேரி என்ற அரச அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து, பிரதம லிகிதராக ஓய்வு பெற்றவர். குழாயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், திறந்தால் தண்ணீர் வரும் என்பது மட்டுமே.

விஷயம் சின்னதுதான். யூலையில் குளிர்காலம் வருகிற தென்கோளத்துப் புறநகரான ட்ருகனினாவில், சுதர்சன் வீட்டுக் கராஜில் நின்ற வெந்நீர்த் தாங்கி ஒழுகத் தொடங்கியிருந்தது. தாங்கிக்குத் தனி அடுப்புக் கிடையாது. பக்கத்துப் பாய்லரின் கொதிநீர் தாங்கிக்குள் சுருள் குழாயில் ஓடி, குளிக்கிற தண்ணீரைச் சூடாக்கும். அறைகளைச் சூடாக்குவதும் அதே பாய்லர்தான்.

பிளம்பர் அருந்தவன் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, முந்திப் பூட்டினவன் ஒரு வால்வும் வைக்கேல்லை. இதைக் கழட்டுறதெண்டா வீடு முழுக்க ஓடுற தண்ணியை இறக்கவேணும். இந்த முறை பாய்லர் பக்கம் ரெண்டு, பைப் பக்கம் ரெண்டு, நாலு வால்வ் வைப்பம். பிறகு எந்தக் காலத்திலயும் தாங்கியை மட்டும் தனியாக் கழட்டலாம்."

"எங்க வைக்கிறது?"

"கராஜில உங்கட சாமானெல்லாம் எங்க நிக்குதெண்டு பாத்து, கை போற இடமா ஒரு படம் கீறி அனுப்புங்கோ. புதுத் தாங்கி வந்த உடன பூட்டுறன்."

குசினியில் தர்சினி கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்கோ, அப்பாவின்ர பிளைட் பதினெட்டாம் திகதி. விசா இன்னும் எட்டு மாசம் கிடக்கு. அங்க தனிய இருந்து என்ன செய்யப்போறார்? நில்லுங்கோ எண்டு நானும் கேட்டுக் களைச்சுப் போனன். இந்த யூலைக் குளிருக்க சுடுதண்ணியும் இல்லையெண்டா, மனுசன் நாளைக்கே எயார்போர்ட்டில போய்க் குந்தியிருப்பார்."

"ஒரு கிழமையில முடிக்கிறன்."

"அவரோட வாதாடாதேங்கோ. படத்தையும் காட்டிக் கேளுங்கோ. மதிச்சுக் கேட்டா இளகுவார்."

அங்கேதான் பிழை தொடங்கியது.

இரண்டாவது படத்தில் வால்வுகள் தாங்கிக்கு முன்னால் வந்தன. "ஃபிரீசர் கதவு இடிக்கும்" என்றது சிவப்புப் பேனை. சுதர்சன் ஃபிரீசரை எதிர்ச் சுவருக்குத் தள்ளினான். கராஜுக்குள் கார் போக இடமில்லாமல் தெருவுக்கு வந்தது. தள்ளிய அவசரத்தில் ஃபிரீசரின் பிளக்கைத் திரும்பப் போட மறந்ததால், மறுநாள் ஐந்து கிலோ நண்டு குளத்தில் கிடந்ததுபோல் மிதந்தது. தர்சினி பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சமைத்தாள்.

மகேந்திரராஜா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

"நண்டு திறம். ஆனா கார் தெருவில நிக்கிற வீட்டில மனுசன் இருக்கேலுமே? பதினெட்டாம் திகதி வந்தாப் போதும்."

தர்சினி கணவனைப் பார்த்த பார்வையில் கறி இன்னொரு முறை கொதித்தது.

மூன்றாவது படத்தில் வால்வுகள் மேலே ஏறின. "ஏணி தேவைப்படும். ஏணி காட்டப்படவில்லை." சுதர்சன் ஏணி வாங்கி வந்து, அதையும் கீறிக் காட்டினான்.

"ஏணிக்குக் கார் இடைஞ்சல்" என்றார் மாமனார்.

"மாமா, கார் தெருவிலயெல்லோ நிக்குது!"

"தற்காலிக ஏற்பாட்டைப் படத்தில சேர்க்கேலாது, தம்பி."

இதற்குள் ஒழுக்குக் கூடிவிட்டது. நாலு மணித்தியாலத்துக்கு ஒரு வாளி என்றிருந்தது ஒரு மணித்தியாலத்துக்கு ஒன்றானது. ஒன்லைன் மீற்றிங்கின் நடுவில் சுதர்சன் எழும்பி ஓடுவதைப் பார்த்த அவனுடைய மனேஜர், வயிற்றுக்கு நல்ல டொக்டர் ஒருவரின் நம்பரை அனுப்பிவைத்தார்.

சுதர்சன் பிளம்பருக்குப் போன் எடுத்தான்.

"அருந்தவன், தாங்கி வந்திட்டுதோ?"

"அது... வரும் அண்ணை. உங்கட மாமா ஐயா படத்தில ஓமெண்டு கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"அதை விடும். நீர் எப்ப வாறீர்?"

"அவர் வைக்கட்டும் அண்ணை." போன் வைக்கப்பட்டது.

ஆறாவது படத்துக்கு விளக்கக் குறிப்பு வேண்டும் என்றார் மாமனார். ஏழாவதுக்கு மூன்று பிரதிகள் கேட்டார். எட்டாவது பிரித்துப் பார்க்கப்படாமலே திரும்பி வந்தது. தண்ணீர் வெதுவெதுப்புக்கு இறங்கி, தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தில் குளியலறைக்குக் குடிபெயர்ந்தது.

பதினெட்டாம் திகதி காலை. சூட்கேஸ் வாசலில் நின்றது. தர்சினியின் கண் சிவந்திருந்தது. சுதர்சன் ஒன்பதாவது படத்தை, தோற்றுப்போனவன் வாளைக் கொடுப்பதுபோல நீட்டினான்.

மகேந்திரராஜா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"மூண்டு வால்வ் சரி. நாலாவது இன்னும் தீர்மானமாகேல்லை."

"பரவாயில்லை மாமா, நான் பாக்கிறன். நீங்கள் வெளிக்கிடுங்கோ."

"அதெப்பிடி? ஒரு ஃபைலை அரைவாசியில விட்டிட்டு நான் ஒருநாளும் போனதில்லை." படத்தை மேசையில் அடித்து வைத்தார். "டிக்கெற்றை மாத்தும் தம்பி. சே! உம்மால எனக்கு எவ்வளவு கரைச்சல்!"

அவர் சொல்லி முடிக்குமுன் சூட்கேஸ் தர்சினியின் கையில் அறைக்குள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கே அருந்தவனின் வான் வந்து நின்றது. பின்னால் புதுத் தாங்கி. மத்தியானத்துக்குள் நாலு வால்வும் நெஞ்சளவு உயரத்தில், கை தாராளமாகப் போகிற இடத்தில் வரிசையாக நின்றன. முதல் ஆளாக மகேந்திரராஜா குளிக்கப் போனார். கதவிடுக்கால் ஆவியும், உச்சக் குரலில் தேவாரமும் வெளியே வந்தன.

சுதர்சன் அருந்தவனிடம் தேத்தண்ணியை நீட்டினான்.

"பத்து நாளைக்கு முந்தி நீர் வந்திருந்தா, பாவம், மனுசன் நேற்று நிம்மதியா ஊருக்குப் போயிருப்பார்."

அருந்தவன் குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"தாங்கி வந்து பத்து நாளாச்சு அண்ணை, ஐயாதான் எனக்குப் போன் எடுத்து, 'பதினெட்டாம் திகதி தாண்டுமட்டும் இந்தப் பக்கம் தலை காட்டாதையும், தம்பி' எண்டு கெஞ்சினவர்."